மெக்டவல் கவுண்டி: குடித்தன இடைநிலை வருமானத்துக்கு எந்த எண்ணை நம்புவது?

கவின்

எல்லோருக்கும் வணக்கம். பொதுக் கொள்கையில் முதுகலை படிக்கிறேன். ஆளுக்கொரு கிராமப்புற கவுண்டியைக் (அமெரிக்க மாநிலத்துக்குள் மாவட்டம் மாதிரியான பிரிவு) கொடுத்து, அங்கே குடித்தனங்களின் இடைநிலை வருமானம் (வருமான வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம்) கடந்த முப்பது, நாற்பது வருஷத்தில் எப்படி மாறியிருக்கிறது என்று எழுதச் சொல்லியிருக்கிறார் பேராசிரியர். சீட்டுக் குலுக்கலில் எனக்கு விழுந்தது மேற்கு வர்ஜீனியாவின் தெற்குக் கோடியில் இருக்கும் மெக்டவல் கவுண்டி. நிலக்கரி பூமி. 1950-ல் 98,887 பேர் இருந்த இடத்தில் 2020 சென்சஸ்படி 19,111 பேர்.

எண் கிடைக்கவில்லை என்பது பிரச்சினை இல்லை. அளவுக்கு மீறிக் கிடைக்கிறது. ஃப்ரெட் என்ற ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் தரவுத் தளத்தில் 1989-ல் தொடங்கும் ஒரு வரிசை, ஏசிஎஸ் (அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே) ஐந்தாண்டு எண்கள் ஒரு பக்கம், பழைய சென்சஸ் எண்கள் இன்னொரு பக்கம். ஒரே காலத்துக்கு இரண்டு எண் இருக்கிறது, இரண்டையும் தருவது சென்சஸ் ப்யூரோதான், ஆனால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கோத்துவிடலாமா?

சும்மா_சுப்பு

கோடு மேலே போகுதுல்ல? "வளர்ச்சி"ன்னு தலைப்பு போட்டு ரெண்டு கலர் கிராஃப் ஒட்டி சப்மிட் பண்ணிட்டுத் தூங்கு தம்பி. வாத்தியார் மெக்டவலுக்குக் காரை எடுத்துக்கிட்டுப் போயா பார்க்கப் போறார்?

கணக்கர்73

சுப்பு பேச்சைக் கேட்டால் மார்க் போய்விடும் தம்பி.

ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார். 2000 வரை பத்தாண்டு சென்சஸில் ஏறக்குறைய ஆறில் ஒரு வீட்டுக்கு நீளமான படிவம் போகும். வருமானக் கேள்வி அதில்தான். கேட்பது முந்தைய காலண்டர் வருஷத்தின் வருமானம். ஆகவே "2000 சென்சஸ் வருமானம்" என்று எழுதியிருந்தால் அது 1999-ன் வருமானம். அதேபோல 1990 சென்சஸ் 1989-ஐச் சொல்கிறது, 1980 சென்சஸ் 1979-ஐ. 2010-ல் நீளப் படிவத்தையே எடுத்துவிட்டார்கள், அந்த சென்சஸில் வருமானக் கேள்வி கிடையாது.

அந்த இடத்துக்கு வந்ததுதான் ஏசிஎஸ். 2005-லிருந்து முழு அளவில் நடக்கிறது, வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ஒரு வருஷ மாதிரியை வைத்து எண் வெளியிடுவது 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்கு மட்டும். 20,000-க்கு மேல் இருந்தால் மூன்றாண்டு எண் என்று ஒன்று இருந்தது. 2011-2013 தொகுப்போடு அதை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் உள்ள எல்லா ஊருக்கும் ஐந்து வருஷ மாதிரியைச் சேர்த்து ஒரே எண். முதல் தொகுப்பு 2005-2009. மெக்டவலின் 2010 மக்கள்தொகை 22,113, அதனால் மூன்றாண்டு எண் கொஞ்ச காலம் கிடைத்தது. இப்போது ஐந்தாண்டு மட்டும்.

2018-2022 என்று போட்ட எண்ணை 2022-ன் எண்ணாக எடுத்துக்கொள்ளாதே. அது அறுபது மாதக் கூட்டு. "கடந்த 12 மாதத்தில் எவ்வளவு வந்தது" என்பதுதான் ஏசிஎஸ் கேள்வி. 2018 ஜனவரியில் பதில் சொன்ன ஆள் 2017-ன் வருமானத்தைத்தான் சொல்லியிருப்பார். எல்லாவற்றையும் பணவீக்கக் கணக்குப்படி 2022 டாலருக்கு ஏற்றிக் கலந்துவிடுகிறார்கள்.

ஃப்ரெட்டில் நீ பார்ப்பது மூன்றாவது வகை. ஸ்மால் ஏரியா இன்கம் அண்ட் பாவர்ட்டி எஸ்டிமேட்ஸ் என்ற திட்டம், சுருக்கமாக சைப். ஏழைக் குழந்தைகள் அதிகமுள்ள பள்ளி மாவட்டங்களுக்கு டைட்டில் ஒன் நிதியைப் பங்கிட ஏதாவது ஒரு எண் வேண்டுமே, அதற்காகவே சென்சஸ் ப்யூரோ உருவாக்கியது. 1989, 1993, 1995 ஆகிய வருஷங்களுக்கு உண்டு. 1997-லிருந்து ஆண்டுதோறும் உண்டு. இது நேராகக் கேட்டு எடுத்த எண் இல்லை. சர்வே எண்ணையும், வருமான வரிப் படிவங்கள் மாதிரியான நிர்வாகத் தரவையும் ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் முறை வழியாகச் சேர்த்து வரும் மதிப்பீடு. ஃப்ரெட் அதை வாங்கி வரைந்து காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆக உன் மூன்று எண்களும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில். ஒத்துப்போனால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

கவின்

நன்றி சார். அப்படியென்றால் வருஷாவருஷம் கிடைப்பது சைப் மட்டும்தான். கால வரிசை என்று கேட்டிருப்பதால் அதையே எடுத்துக்கொண்டு மற்றதை அடிக்குறிப்பில் தள்ளிவிடட்டுமா?

தராசு

அவசரப்படாதீர்கள் கவின். அந்தக் கோட்டுக்குள் ஒரு ஒட்டு இருக்கிறது, கிராஃபில் தெரியாது.

2004 வரை சைப் நம்பியிருந்த சர்வே சிபிஎஸ்ஸின் (கரன்ட் பாப்புலேஷன் சர்வே என்ற மாதாந்திர சர்வே) ஆண்டு துணைக் கணக்கெடுப்பு. நாடு முழுவதற்கும் நல்ல சர்வே, ஆனால் மாதிரி சிறியது, பெரும்பாலான கவுண்டிகளில் ஒரு வீட்டைக்கூடத் தொட்டிருக்காது. அதனால் மூன்று வருஷ சிபிஎஸ்ஸைச் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். 2005 மதிப்பீட்டிலிருந்து அடிப்படை ஏசிஎஸ்ஸுக்கு மாறிவிட்டது. 2004-க்கும் 2005-க்கும் நடுவில் கோடு குதித்தாலோ சறுக்கினாலோ அதை வைத்து மெக்டவலைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. மாறியது அளவுகோல். சென்சஸ் ப்யூரோவே இதை எச்சரித்திருக்கிறது. கிராஃபில் அந்த இடத்தில் கோட்டை வெட்டிக் காட்டுங்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். மாதிரியிலிருந்து நேராக வரும் எண், மாடல் கணிக்கும் எண், இரண்டுக்கும் எடை போட்டுக் கலப்பதுதான் சைப்பின் வழி. மாதிரி பெரிதாக இருந்து அதன் பிழை சின்னதாக இருந்தால் நேர் எண்ணுக்கு எடை அதிகம். மாதிரி சிறுத்தால் எடை மாடல் பக்கம் சாய்ந்துவிடும். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கு சைப் சொல்வது ஏறக்குறைய ஏசிஎஸ்தான். மெக்டவலுக்கு அது சொல்வது பெரும்பாலும், "இந்த மாதிரி வரிப் படிவமும் இந்த மாதிரி பழைய சென்சஸ் எண்ணும் உள்ள கவுண்டியில் பொதுவாக இவ்வளவு இருக்கும்" என்பதுதான். ஒரு சுரங்கம் மூடியதன் விளைவு அந்த வருஷத்து எண்ணில் தெரியும் என்று எதிர்பார்த்தால், வரிப் படிவத்தில் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான் தெரியும்.

கணக்கர்73

தராசு சொல்வது சரி. ஆனால் அதைக் குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. மாடல் இல்லாத நேர் எண்ணை வருஷாவருஷம் மெக்டவலுக்கு எடுத்தால் கோடு குடிகாரன் நடை மாதிரி இருக்கும், அதில் ஒரு உண்மையும் தெரியாது. நிதி பங்கிடுபவனுக்கு அதைக் கொடுத்தால் ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொட்டும், அடுத்த வருஷம் வற்றும். நான் வேலை பார்த்த இடத்தில் சின்னக் கவுண்டிகளுக்கு சைப்பைத்தான் எடுப்போம், கூடவே 90 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் (உண்மை எண் அநேகமாக எந்த எல்லைகளுக்குள் இருக்கும் என்பதை) போட்டே ஆக வேண்டும். அந்தக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் தனி வரிசைகளாக ஃப்ரெட்டிலேயே இருக்கின்றன. நடுக்கோட்டை மட்டும் இறக்கிக்கொண்டு வருபவர்கள்தான் அதிகம்.

தராசு

நிதி பங்கிடுவதற்கு அது நல்ல எண், ஒப்புக்கொள்கிறேன். "மெக்டவலில் என்ன நடந்தது" என்று கேட்பவருக்கு அதே எண் போதுமா என்பதுதான் என் சண்டை. உள்ளூர் அதிர்ச்சியை வழித்துத் தள்ளுவதற்காகவே செய்த எண்ணில் உள்ளூர் வரலாற்றைத் தேடுகிறோம்.

மலையோரம்

வணக்கம். நான் மெக்டவலில் இல்லை, அடுத்த கவுண்டியில் இருக்கிறேன். என் கணவர் டாக்டர். இந்த மலைப்பகுதி ஆஸ்பத்திரிகளில் நம்மூர் டாக்டர்கள் ரொம்ப காலமாகவே உண்டு, டாக்டர் குறைவான இடத்தில் வேலை பார்த்தால் கிடைக்கும் விசா விலக்குக்காக வந்து அப்படியே தங்கிவிட்டவர்களில் நாங்களும் ஒரு வீடு. மெக்டவலின் தலைநகரான வெல்ச்சுக்கு அடிக்கடி போவோம். நீங்கள் எல்லோரும் "வருமானம்" என்று ஒரே வார்த்தையில் போவதால் ஒன்று சொல்லத் தோன்றியது.

கிளினிக்கில் நான் ஃபாரம் நிரப்ப உதவுவேன். அப்படி ஒரு வீடு: எழுபது தாண்டிய பாட்டி, ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளியான தாத்தா, கூட இரண்டு பேரப்பிள்ளைகள். தாத்தாவுக்கு சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியம், அதோடு கரிநுரையீரல் நோய்க்கான மாத உதவித்தொகை. பேரப்பிள்ளைகளுக்கு மெடிகெய்டு, அதாவது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. மாதாமாதம் ஸ்னாப் கார்டில் சாப்பாட்டுப் பணம். மூத்த பேரன் டாலர் ஸ்டோரில் பகுதி நேரம் போகிறான்.

இந்த வீட்டின் வருமானம் எவ்வளவு? சென்சஸ் கணக்கில் சோஷியல் செக்யூரிட்டி உண்டு, கரிநுரையீரல் தொகை உண்டு, பேரன் சம்பளம் உண்டு. ஸ்னாப் வராது, மெடிகெய்டு வராது. வரித்துறையைக் கேட்டால் இப்படி ஒரு வீடு இருப்பதே தெரியாமல்கூட இருக்கலாம். கரிநுரையீரல் உதவிக்கு மத்திய வரி கிடையாது, குறைந்த வருமானத்தில் சோஷியல் செக்யூரிட்டிக்கும் வரி வராது, அப்புறம் அவர்கள் எதற்குப் படிவம் போடுகிறார்கள்? வரிப் படிவத்தை வைத்துக் கணிக்கும் மாடல் இவர்களை எப்படிப் பார்க்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று, கவின் தம்பிக்குப் பயன்படும். இன்றைக்கு ஸ்னாப் என்று அழைக்கும் உணவு முத்திரைத் திட்டத்தின் முதல் முத்திரைகள் 1961 மே மாதம் கொடுக்கப்பட்டது மெக்டவல் கவுண்டியில்தான். கென்னடி 1960 பிரச்சாரத்தில் இந்தப் பக்கம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய், பதவியேற்றதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று. அந்த முத்திரையின் மதிப்பு அன்றைக்கும் வருமானக் கணக்கில் சேரவில்லை, இன்றைக்கும் சேரவில்லை.

கணக்கர்73

அம்மா, நல்ல கேள்வி. படிவம் போடாதவர்கள் இருப்பது சைப்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் பழைய சென்சஸ் எண், பிஇஏ (மத்திய அரசின் பொருளாதாரப் பகுப்பாய்வு அமைப்பு) தரும் கவுண்டி வருமான விவரம் என்று வேறு ஊன்றுகோல்களும் வைத்திருக்கிறார்கள். வறுமை மதிப்பீட்டில் ஸ்னாப் பயனாளிகள் எண்ணிக்கையும் உள்ளே வரும். வேடிக்கை என்னவென்றால், ஸ்னாப் பணம் வருமானத்தில் சேராது, ஆனால் ஸ்னாப் வாங்குபவர்களின் எண்ணிக்கை ஏழ்மையைக் கணிக்க உதவும்.

படிவம் போடும் பழக்கமும் வருஷத்துக்கு வருஷம் மாறும். 2008-ல் ஊக்கத் தொகை கொடுத்தார்களே, அதை வாங்க 2007-க்கான படிவம் போட்டாக வேண்டும். சாதாரணமாகப் படிவமே போடாத பென்ஷன்காரர்கள் அந்த ஒரு வருஷம் வரிசையில் வந்து நின்றார்கள். கோவிட் நிவாரணத்தின்போதும் அதே கதை. ஊரில் யாருடைய வருமானமும் மாறாமலே வரிப் படிவங்களின் இடைநிலை இறங்கும்.

தராசு

மலையோரம் அவர்கள் சொன்ன அந்த வீடுதான் கவினின் கட்டுரைக்கே மையம் என்பேன். பிஇஏ தலா வருமானம் என்று ஒன்று கண்ணில் பட்டிருக்குமே, அது இதனால்தான் சென்சஸ் எண்ணிலிருந்து அவ்வளவு விலகி நிற்கிறது. பிஇஏ மெடிகெய்டு, மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு), ஸ்னாப், முதலாளி கட்டும் காப்பீடு எல்லாவற்றையும் வருமானமாகச் சேர்க்கும். நோயாளிகள் அதிகமான கவுண்டியில் மருத்துவமனை பில் கூடினால் "வருமானம்" கூடும். அது சராசரி வேறு, இடைநிலை அல்ல.

தலா வருமானத்தில் இன்னொரு பொறி. மெக்டவலில் 2010-ல் ஒரு மத்தியச் சிறை திறந்தார்கள். கைதிகள் மக்கள்தொகையில் உண்டு, குடித்தனத்தில் இல்லை. மொத்த வருமானத்தை வகுக்கும்போது கீழே இருக்கும் எண்ணில் அவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். குடித்தன இடைநிலைக்கு இந்தத் தொல்லை கிடையாது. இருபதாயிரத்துக்கும் குறைவான ஜனம் உள்ள கவுண்டியில் ஒரு சிறை என்பது சின்ன விஷயம் இல்லை.

இப்போது பணவீக்கம். கவின், பழைய சென்சஸ் எண்ணையும் முதல் ஏசிஎஸ் எண்களில் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். 1999 வருமானத்துக்கு மெக்டவலின் குடித்தன இடைநிலை 16,931 டாலர். 2006-2010 ஏசிஎஸ்ஸில் 22,154 டாலர். கிட்டத்தட்ட 31 சதவீத உயர்வு. சுப்பு கேட்ட "வளர்ச்சி" இதுதான்.

நுகர்வோர் விலைக் குறியீட்டின் ஆண்டுச் சராசரி 1999-ல் 166.6, 2010-ல் 218.056. விகிதம் 1.309. 16,931-ஐ அதால் பெருக்குங்கள், சுமார் 22,160 வருகிறது. ஏசிஎஸ் சொல்வது 22,154. பதினோரு வருஷத்தில் வாங்கும் சக்தி ஒரு இஞ்சுகூட நகரவில்லை.

இதோடு நிற்காதீர்கள். நாட்டின் இடைநிலை அதே கணக்கில் 41,994-லிருந்து 51,914. 2010 டாலருக்கு மாற்றினால் 1999-ன் எண் சுமார் 54,965 ஆகிறது, அதாவது நாடு ஐந்தரை சதவீதம் போல இறங்கியிருக்கிறது. மெக்டவல் நாட்டின் இடைநிலையில் 40 சதவீதமாக இருந்தது 43 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "மெக்டவல் நாட்டோடு இடைவெளியைக் குறைத்துக்கொண்டது" என்று ஒருவர் எழுதலாம், எண் பொய் சொல்லாது. ஆனால் மெக்டவல் ஏறவில்லை. பக்கத்தில் இருந்தவன் இறங்கினான்.

சும்மா_சுப்பு

சரி, "வளர்ச்சி"யை வாபஸ் வாங்கிக்கிறேன். "நிலைத்தன்மை"ன்னு தலைப்பு போட்டுக்கோ தம்பி.

மலையோரம்

அதையும் போட முடியாது சுப்பு. 2000-ல் மெக்டவலில் 27,329 பேர், 2010-ல் 22,113. ஐந்து பேரில் ஒருவர் போய்விட்டார். 1999-ல் நடுவில் இருந்த அதே குடும்பம் 2010-லும் நடுவில் இருந்ததா? உடம்பில் தெம்பும் கையில் தொழிலும் இருந்தவர்கள் வட கரோலினா, வர்ஜீனியா என்று போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் பென்ஷன்காரர்கள் அதிகம். பென்ஷன் விலைவாசியோடு ஏறும், சுரங்கச் சம்பளம் சுரங்கத்தோடு போகும். இடைநிலை நகராமல் நிற்பதற்கு இதுவே போதும்.

தராசு

சரியாகப் பிடித்தீர்கள். ஆள் மாறினாலும் இடைநிலை நிற்கும், ஆள் மாறாமல் வருமானம் மாறினாலும் இடைநிலை நகரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க இந்தத் தரவால் முடியாது. அதே குடும்பங்களைத் தொடர்ந்து பின்பற்றும் சர்வே வேண்டும், ஒரு கவுண்டி அளவில் அது கிடையாது. வயதுவாரியாகவும், தனி ஆள் குடித்தனங்கள் எத்தனை என்றும் ஏசிஎஸ் அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றை இடைநிலைக்குப் பக்கத்தில் வைத்தால் ஓரளவு கதை தெரியும்.

பனிக்காடு

நான் வடக்கு டகோட்டாவில் எண்ணெய் வயல் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தவன். மெக்டவலுக்கு நேர் எதிரான கவுண்டி ஒன்றைச் சொல்கிறேன். மெக்கென்ஸி கவுண்டி, தலைநகர் வாட்ஃபோர்ட் சிட்டி. 2010-ல் 6,360 பேர், 2020-ல் 14,704. அந்தப் பத்தாண்டில் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த கவுண்டி. காரணம் பாக்கென் வயலின் எண்ணெய்.

அங்கே ஐந்தாண்டு எண் படு சொதப்பல். 2008-2012 தொகுப்பில் பாதி, கோதுமையும் மாடுமாக இருந்த ஊர். மீதி, லாரி நிற்க இடமில்லாத ஊர். ஒரு நாளும் இருந்திராத ஏதோ ஒரு நடு ஊரின் இடைநிலையை அது சொல்லும். அப்புறம் 2014 பாதியில் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2015 தொடக்கத்தில் ஐம்பதுக்குக் கீழே விழுந்தது. ஐந்தாண்டுத் தொகுப்பில் அந்த வீழ்ச்சி தெரிய வருஷக்கணக்கில் ஆகும், தெரியும்போதும் மழுங்கிப்போய்த் தெரியும்.

ஆள் கணக்கும் சிக்கல். கேம்ப்களில் தங்கியிருந்தவர்கள் குடித்தனத்தில் வரமாட்டார்கள், குழுக் குடியிருப்பில் போய்விடுவார்கள். இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு என்று டெக்ஸாஸுக்கும் ஐடஹோவுக்கும் போய் வந்தவர்கள் தங்கள் வீடு இருக்கும் அந்த மாநிலங்களில்தான் எண்ணப்படுவார்கள். ஏசிஎஸ்ஸில் இரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால்தான் அந்த முகவரிக்காரர். ஊரில் புரண்ட சம்பளத்தில் பெரும்பங்கு ஊரின் இடைநிலை வருமானத்துக்குள் வரவே இல்லை. வாடகை மட்டும் ஊர்க்காரன் தலையில் ஏறியது.

மெதுவாகத் தேயும் கவுண்டிக்கு ஐந்தாண்டு எண் பரவாயில்லை. திடீரென்று எரிந்து அணையும் கவுண்டிக்கு ஆகவே ஆகாது.

சும்மா_சுப்பு

டெக்ஸாஸ் லவிங் கவுண்டியை எடுத்துக்கோங்க, 2020 சென்சஸில் 64 பேர். சர்வேக்காரர் வரும்போது பாதிப் பேர் மாடு பிடிக்கப் போயிருந்தா இடைநிலை என்ன ஆகும்?

சீரியஸாவே ஒரு கேள்வி. இந்த மாதிரி துக்கடா கவுண்டிகளைப் பக்கத்துக் கவுண்டியோட சேர்த்துக் கணக்குப் போடக் கூடாதா? ரெண்டு இடைநிலையைக் கூட்டி ரெண்டால வகுத்தா முடிஞ்சது.

கணக்கர்73

சேர்க்கலாம், நல்ல யோசனைதான். ஆனால் இடைநிலைகளைக் கூட்டி வகுக்கவே கூடாது. மக்கள்தொகையால் எடை போட்டாலும் தப்புதான்.

ஏசிஎஸ்ஸில் பி19001 என்று ஓர் அட்டவணை. பத்தாயிரத்துக்குக் கீழ் எத்தனை குடித்தனம், பத்திலிருந்து பதினைந்து வரை எத்தனை, என்று இரண்டு லட்சத்துக்கு மேல் வரை பதினாறு படிகள். இரண்டு கவுண்டிகளின் எண்ணிக்கையையும் படிப்படியாகக் கூட்டு. பிறகு நடுக் குடித்தனம் எந்தப் படியில் விழுகிறது என்று பார்.

கற்பனை எண் வைத்துச் சொல்கிறேன். சேர்த்த பிறகு மொத்தம் 7,000 குடித்தனம் என்று வை. நடு 3,500. இருபதாயிரம் டாலருக்குக் கீழே 3,100 குடித்தனம் இருக்கிறது. அடுத்த படியான 20,000 முதல் 24,999 வரை 800. நடுவை எட்ட அந்தப் படிக்குள் 400 பேரைத் தாண்ட வேண்டும், அதாவது சரிபாதி தூரம். ஐயாயிரத்தில் பாதி 2,500. இடைநிலை 22,500 டாலர்.

படிக்குள் எல்லோரும் சமமாகப் பரவியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. கீழ்ப் படிகளில் அகலம் குறைவு என்பதால் பெரிய பிழை வராது. அகலமான மேல்ப் படிகளில் நடு விழுந்தால் பரேட்டோ முறையில் (வருமானம் ஏற ஏற ஆள் குறையும் என்று வைத்துப் போடும் கணக்கு) போடுவது நல்லது. மெக்டவல் மாதிரி இடத்துக்கு அந்தக் கவலை இல்லை.

கவின்

எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். 1969, 1979, 1989, 1999 சென்சஸ் எண்கள் புள்ளிகளாக. அதன் பிறகு ஒன்றன்மேல் ஒன்று ஏறாத ஐந்தாண்டுத் தொகுப்புகள்: 2006-2010, 2011-2015, 2016-2020. ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வைக்காமல் ஐந்து வருஷ நீளக் கிடைக்கோடாகப் போடுவேன். சைப் வரிசையை நம்பிக்கை இடைவெளியோடு மங்கலான பட்டையாகப் பின்னால், 2004-க்கும் 2005-க்கும் நடுவில் வெட்டி. எல்லாம் ஒரே வருஷ டாலரில்.

இரண்டு சந்தேகம். 1959-ஐயும் சேர்க்கலாமா? இரண்டு தொகுப்புகளுக்கு நடுவே மாற்றம் உண்மையா என்று எப்படிச் சொல்வது?

தராசு

1959 வேண்டாம். அந்தக் காலத்தில் கவுண்டிக்கு வெளியிட்டது உறவினர் கூடி வாழும் குடும்பங்களின் இடைநிலை. தனியாக இருக்கும் விதவை, தனி ஆள் எல்லாம் அதில் கிடையாது, அதனால் எண் தானாகவே மேலே இருக்கும். அதிலிருந்து குடித்தன எண்ணுக்குத் தாவினால் இல்லாத வீழ்ச்சி ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். வேண்டுமென்றால் குடும்ப இடைநிலைக்கு முழுக்கத் தனி கிராஃப் போடுங்கள்.

2016-2020 தொகுப்பில் ஒரு எச்சரிக்கை எழுதுங்கள். 2020-ல் கோவிட் காரணமாகப் பதில் வந்த விதமே கோணலாகிவிட்டது. அந்த வருஷத்து ஓராண்டு எண்களை வழக்கமான முறையில் வெளியிடவே இல்லை, சோதனை எண்களாக மட்டும் விட்டார்கள். ஐந்தாண்டுத் தொகுப்பும் தாமதமாக 2022 மார்ச்சில்தான் வந்தது.

வித்தியாசம் உண்மையா என்பதற்கு: ஏசிஎஸ் பிழை வரம்பு 90 சதவீதக் கணக்கு, 1.645-ஆல் வகுத்தால் திட்டப்பிழை. கற்பனையாக ஒரு தொகுப்பில் 27,000, பிழை வரம்பு 3,000. அடுத்ததில் 30,000, வரம்பு 3,500. திட்டப்பிழைகள் சுமார் 1,824, 2,128. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2,800. வித்தியாசம் 3,000-ஐ அதால் வகுத்தால் 1.07. இது 1.645-ஐத் தாண்ட வேண்டும், தாண்டவில்லை. மூவாயிரம் டாலர் கூடியது போலத் தெரிந்தாலும் "கூடியது" என்று எழுத இந்த மாதிரி உங்களுக்கு உரிமை தரவில்லை. ஒப்பிடுவதற்கு முன் பழைய தொகுப்பின் எண்ணையும் அதன் பிழை வரம்பையும் புதிய டாலருக்கு மாற்ற மறக்காதீர்கள்.

மலையோரம்

விலைவாசிக் குறியீடு பற்றி யாரும் கேட்கவில்லையே. அது நகரத்து நுகர்வோருக்கானது. வெல்ச்சில் வீட்டு வாடகை ரொம்பக் குறைவு. ஆனால் கிம்பலில் இருந்த வால்மார்ட்டை 2016-ல் மூடிய பிறகு ஜனங்கள் சாமான் வாங்க மலை இறங்கிப் போகிறார்கள். பெட்ரோல் யார் கணக்கில்?

தராசு

யார் கணக்கிலும் இல்லை என்பதுதான் நிஜம். கிராமப்புறத்துக்கென்று தனிக் காலக் குறியீடு கிடையாது. பிஇஏ ஒவ்வொரு மாநிலத்துக்கும் பெருநகரம் அல்லாத பகுதியின் விலை மட்டத்தை ஒப்பிட்டுத் தருகிறது. ஓர் ஊரை இன்னொரு ஊரோடு ஒப்பிட அது உதவும். ஆனால் மேற்கு வர்ஜீனியாவின் சிற்றூர்கள் அத்தனைக்கும் சேர்த்து அதில் ஒரே எண்தான்.

கணக்கர்73

கவின், தரவை இறக்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள். மெக்டவலின் ஃபிப்ஸ் குறியீடு (ஒவ்வொரு கவுண்டிக்கும் உள்ள அரசு அடையாள எண்) 54047, அதில் சிக்கல் இல்லை. ஒப்பிடுவதற்கு அலபாமா கவுண்டி எதையாவது சேர்த்தால் குறியீடு 01 என்று தொடங்கும், எக்செல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும். அப்புறம் இரண்டு அட்டவணையைச் சேர்க்கும்போது அந்த வரிசை காணாமல் போகும், எச்சரிக்கைகூட வராது. அந்த நெடுவரிசையை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைத்து இறக்கு. தெற்கு டகோட்டாவின் ஷானன் கவுண்டி 2015-ல் ஒக்லாலா லகோட்டா என்று பெயர் மாறியபோது குறியீடும் 46113-லிருந்து 46102-க்கு மாறியது. ஏழைக் கவுண்டிகளை ஒப்பிடுகிறவர்கள் எல்லோரும் அதைச் சேர்ப்பார்கள், பாதிப் பேருக்குக் கோடு நடுவில் அறுந்து நிற்கும்.

கவின்

ஷானனைத்தான் சார் ஒப்பீட்டுக்கு எடுத்து வைத்திருந்தேன். கோடு ஏன் அறுந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. இரண்டு குறியீட்டையும் இணைத்துவிட்டு கிராஃபை இங்கே போடுகிறேன்.